பால்டிக் நாடுகளுக்குள் வட்டார ஏற்றத்தாழ்வை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளின் தரவை எடுத்து வட்டார ஏற்றத்தாழ்வைக் கணக்கிட உட்காருபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதுகலை ஆய்வேடு எழுதுபவரும், செய்திக்காக ஒரு வரைபடம் போடுபவரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். கணக்கு விளக்கத்துக்காக நாங்களே வைத்துக்கொண்ட எண்கள் வரும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

இவ்வளவு சின்ன நாட்டுக்குள்ள ஏற்றத்தாழ்வுன்னு அளக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13.7 லட்சம். அதில் ஏறத்தாழ 47% பேர் தாலின் நகரை உள்ளடக்கிய ஹார்யு மாவட்டத்தில் வாழ்கிறார்கள். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், 60%-க்கு மேல் அந்த ஒரு மாவட்டத்திலிருந்து வருகிறது. லாத்வியாவில் ரீகாவும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்து ஜிடிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதே லாத்வியாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள லாட்கலேயின் தலா ஜிடிபி தேசிய சராசரியில் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது.

லித்துவேனியா சற்று வேறு. வில்னியஸ் மாவட்டத்தின் பங்கு 40%-க்கு மேல் என்றாலும் கௌனாஸ், க்ளைப்பேடா என்று இன்னும் இரண்டு கனமான நகரங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நகரம் நாட்டைத் தூக்கிச் சாப்பிடும் அமைப்பு ஒன்று, பல நகரங்களில் பொருளாதாரம் பரவிய அமைப்பு இன்னொன்று. இந்த வேறுபாடுதான் கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்குக் காரணம்.

ஏன் மூணையும் சேர்த்தே பார்க்கணும்? ஒரு நாட்டை மட்டும் எடுத்தா போதாதா?

போதும். ஆனால் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது அதிகம். மூன்றும் 1991-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டவை. 2004 மே 1 அன்று ஒன்றாக ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவை. 2011, 2014, 2015 என்று வரிசையாக யூரோவுக்கு மாறியவை. 2009 நெருக்கடியில் மூன்றின் ஜிடிபியும் ஒரே ஆண்டில் சுமார் 14 முதல் 15% வரை சரிந்தது. தொடக்கமும் அடியும் ஒன்றுபோல இருக்கும்போது, உள்ளூர் அமைப்பில் உள்ள வேறுபாடு எடுப்பாகத் தெரியும்.

நட்ஸ்-2, நட்ஸ்-3ன்னு சொல்றாங்களே, எதை எடுக்கணும்?

நட்ஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் புள்ளிவிவரத்துக்காக வகுத்த நில அடுக்கு. மக்கள்தொகை வரம்புகள் இவை: நட்ஸ்-1 என்றால் 30 முதல் 70 லட்சம், நட்ஸ்-2 என்றால் 8 முதல் 30 லட்சம், நட்ஸ்-3 என்றால் 1.5 முதல் 8 லட்சம். இந்தக் கணக்கில் எஸ்டோனியா முழுவதும் ஒரே நட்ஸ்-2, லாத்வியாவும் அப்படியே. ஒரே ஒரு வட்டாரம் உள்ள நாட்டுக்குள் ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டால் விடை பூஜ்யம். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஐரோப்பா முழுவதற்கும் நட்ஸ்-2 அட்டவணையை இறக்கி, இந்த இரண்டு நாடுகளுக்கும் பூஜ்யத்தை அப்படியே வரைபடத்தில் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே நட்ஸ்-3. எஸ்டோனியாவில் 5, லித்துவேனியாவில் 10, லாத்வியாவில் 2023 வரை 6, நட்ஸ் 2024 வகைப்பாட்டில் 5. இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் உள்ளாட்சி மட்டம்: எஸ்டோனியாவில் 79-ஐ ஒட்டி, லாத்வியாவில் 43-ஐ ஒட்டி, லித்துவேனியாவில் 60. அந்த மட்டத்தில் ஜிடிபி பெரும்பாலும் கிடைக்காது. ஊதியம், வரி, வேலையின்மை ஆகியவைதான் கிடைக்கும்.

அப்போ லித்துவேனியாவுக்கு மட்டும் ஏன் நட்ஸ்-2 இரண்டா வருது?

2018 முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாட்டில் லித்துவேனியா தலைநகர வட்டாரம், மத்திய-மேற்கு வட்டாரம் என்று பிரிந்தது. தலைநகர வட்டாரம் என்பது வில்னியஸ் மாவட்டம் மட்டும். அதன் மக்கள்தொகை 8 லட்சத்தை ஒட்டி இருந்ததால் பிரிக்க முடிந்தது.

பிரித்ததற்குப் பின்னால் பணக் கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நிதியில், வாங்கும் திறன் அடிப்படையில் தலா ஜிடிபி ஒன்றியச் சராசரியில் 75%-க்குக் கீழ் உள்ள நட்ஸ்-2 வட்டாரங்களே ‘குறைந்த வளர்ச்சி’ வகையில் சேரும். அவற்றுக்குத்தான் உதவி அதிகம். வில்னியஸைக் கழித்தால் மீதி நாடு 75%-க்குக் கீழேயே நின்றது. 2021–27 காலத்தில் வில்னியஸ் வளர்ந்த வட்டாரம், மீதி லித்துவேனியா குறைந்த வளர்ச்சி வட்டாரம். பிரிக்காத எஸ்டோனியா முழுவதும் இடைநிலை வகைக்கு ஏறிவிட்டது. ஹங்கேரியும் போலந்தும் அதே வகைப்பாட்டில் தங்கள் தலைநகரங்களைத் தனியே வெட்டி எடுத்தன. எல்லைக்கோடு நிர்வாக வசதிக்காக மட்டும் போடப்படுவதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தலா ஜிடிபின்னா அந்த ஊர்க்காரங்க வருமானம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வட்டார ஜிடிபி, பொருள் எங்கே உற்பத்தியானதோ அந்த இடத்தில் எழுதப்படுகிறது. மக்கள்தொகையோ, ஆள் எங்கே குடியிருக்கிறாரோ அந்த இடத்தில் எண்ணப்படுகிறது. பியெரீகா எனப்படும் ரீகாவின் சுற்றுப்பகுதியில் வீடு, ரீகாவில் வேலை என்றால் அவர் உண்டாக்கும் மதிப்பு ரீகாவின் தொகுதியில் (வகுபடும் எண்ணில்) சேர்கிறது, அவர் தலை பியெரீகாவின் பகுதியில் (வகுக்கும் எண்ணில்) சேர்கிறது. ரீகா வீங்கித் தெரியும், பியெரீகா இளைத்துத் தெரியும். உண்மையில் பியெரீகாவுக்குள் இருக்கும் மாருபே போன்ற ஊர்கள் நாட்டிலேயே அதிக வருமானம் உள்ளவை.

இரண்டாவது கோணல் லாபத்தால் வருவது. எஸ்டோனியாவின் வடகிழக்கில் நார்வாவை ஒட்டி, ஆயில் ஷேல் எனப்படும் எண்ணெய்ப் பாறையை எரிக்கும் மின் நிலையங்கள் உள்ளன. அவற்றின் கூட்டு மதிப்பு (உற்பத்தியில் அவை புதிதாகச் சேர்க்கும் மதிப்பு) முழுவதும் அந்த வட்டாரத்துக் கணக்கில் ஏறும். லாபம் அங்கே தங்காது. லித்துவேனியாவில் தெல்ஷியை மாவட்டத்தின் மஷெய்கியை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இப்படித்தான். 2006 ஜூலையில் த்ருஷ்பா குழாய் வழி வந்த ரஷ்ய எண்ணெய் நின்றது, அதே அக்டோபரில் ஆலையில் தீப்பிடித்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் மாவட்ட ஜிடிபி ஆடுவதைப் பார்த்து அங்குள்ள வீடுகளின் வருமானமும் அதே அளவு ஆடியது என்று எழுதினால் தப்பு.

மூன்றாவது, வெளிநாட்டு ஊதியம். தாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குப் படகில் இரண்டு மணி நேரம்தான். பின்லாந்தில் கட்டட வேலை செய்து பணத்தை எஸ்டோனியக் குடும்பத்துக்குக் கொண்டுவருபவரின் உழைப்பு எஸ்டோனியாவின் எந்த வட்டார ஜிடிபியிலும் இல்லை. குடும்ப வருமானத்தில் மட்டும் இருக்கிறது.

அப்போ குடும்ப வருமானத்தையே எடுத்துட்டா பிரச்சனை தீர்ந்துடுமே?

கோட்பாட்டில் சரி. நடைமுறையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் குடும்ப வருமானக் கணக்கை நட்ஸ்-2 மட்டத்தில்தான் தருகிறது. எஸ்டோனியாவுக்கும் லாத்வியாவுக்கும் ஒவ்வொரு வரி மட்டுமே வரும். நட்ஸ்-3 வேண்டுமென்றால் மூன்று நாட்டுப் புள்ளிவிவர அலுவலகங்களிலும் தனித்தனியே போய், மாதிரிக் கணக்கெடுப்பு வருமானத்தையோ வரிப் பதிவேட்டு ஊதியத்தையோ எடுக்க வேண்டும். வரையறைகள் நாட்டுக்கு நாடு மாறும். எங்கள் பரிந்துரை: ஜிடிபியில் ஒரு கணக்கு, வருமானம் அல்லது ஊதியத்தில் ஒரு கணக்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு.

ஒரு வட்டாரத்தோட ஜிடிபியை யாரு, எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கம்பெனி கணக்கு நாடு முழுக்க ஒண்ணாத்தானே இருக்கும்?

நல்ல கேள்வி. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் தொழில் வகை வாரியாக நாட்டின் கூட்டு மதிப்பைக் கணக்கிட்டு, அதை வட்டாரங்களுக்குப் பிரிக்கிறது. விவசாயம், ஆலை போன்றவற்றில் இடத்திலிருந்தே கீழிருந்து மேலாகக் கூட்ட முடியும். வங்கி, தொலைத்தொடர்பு, பல ஊர்களில் கிளை வைத்த சங்கிலிக் கடை போன்றவற்றில் மொத்தத் தொகையை ஊதியம் அல்லது பணியாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப மேலிருந்து கீழாகப் பங்கிடுகிறார்கள்.

ஊதியத்தை வைத்துப் பங்கிட்டால், அதிகச் சம்பளக்காரர்கள் உட்காரும் தலைமை அலுவலகத்துக்குப் பங்கு கூடும். தலைமை அலுவலகங்கள் தாலின், ரீகா, வில்னியஸில்தான். ஆகவே தலைநகரத்தின் எடையில் ஒரு பகுதி பங்கீட்டு முறையால் வந்தது என்பதை மறக்க வேண்டாம். அது எவ்வளவு என்று வெளியே இருந்து பிரித்தெடுக்க முடியாது.

மக்கள்தொகையிலுமா குழப்பம்? அது எண்ணினா வந்துடுமே?

எண்ணியபோதுதான் குழப்பம் வெளியே வந்தது. 2011 கணக்கெடுப்புக்கு முன் லாத்வியாவின் அதிகாரபூர்வ மதிப்பீடு சுமார் 22.3 லட்சம், எண்ணிப் பார்த்தால் 20.7 லட்சம். லித்துவேனியாவில் 32.4 லட்சம் என்று நினைத்திருந்தார்கள், வந்தது 30.4 லட்சம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போனவர்கள் பெயரை நீக்காமலேயே போய்விட்டார்கள். வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் தலா எண் சின்னதாகும். பழைய ஆண்டுகளைப் பின்னர் திருத்தி வெளியிட்டார்கள். 2011-க்கு முன் அச்சான அட்டவணையிலிருந்து மக்கள்தொகையை எடுத்து இன்றைய ஜிடிபி வரிசையை வகுக்காதீர்கள்.

உள்நாட்டுக்குள்ளும் பதிவு ஒரு இடம், குடியிருப்பு இன்னொரு இடம். 2013 ஜனவரி முதல் தாலினில் பதிவு செய்தவர்களுக்குப் பேருந்து, டிராம் இலவசம். வருமான வரியில் ஒரு பங்கு பதிவுள்ள உள்ளாட்சிக்கே போகிறது. ஆக, ஆளை இழுக்க ஊர்கள் போட்டி போடுகின்றன. வீடு மாறாமல் பதிவை மட்டும் மாற்றியவர்கள் உண்டு. எஸ்டோனியா 2016 முதல், ஒருவர் பள்ளி, மருத்துவம், வரி போன்ற பதிவேடுகளில் விடும் தடயங்களை வைத்து அவர் நாட்டில் வசிக்கிறாரா என்று தீர்மானிக்கும் முறையைப் பின்பற்றுகிறது.

எந்தக் குறியீடு நல்லது? கினியா, தைலா, மாறுபாட்டுக் கெழுவா?

எல்லாமே ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் அளவுகள். ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். இவை விளக்கத்துக்கான எண்கள். எந்த நாட்டினுடையவையும் அல்ல. மூன்று வட்டாரங்கள்: மக்கள் பங்கு 50%, 30%, 20%. தேசியச் சராசரி 100 என்றால் தலா ஜிடிபி 140, 70, 45. பெருக்கிக் கூட்டினால் 70 + 21 + 9 = 100, சரியாக வருகிறது. இந்தச் சரிபார்ப்பை எப்போதும் செய்யுங்கள். 100 வராவிட்டால் ஜிடிபியும் மக்கள்தொகையும் வேறு வேறு அட்டவணையிலிருந்து வந்திருக்கின்றன என்று பொருள்.

யூரோஸ்டாட் பரவல் அளவு: சராசரியிலிருந்து உள்ள தூரத்தைக் குறி பார்க்காமல் மக்கள் பங்கால் பெருக்கிக் கூட்டுவது. 0.5×40 + 0.3×30 + 0.2×55 = 40%. வில்லியம்சன் கெழு (மக்கள்தொகை எடை போட்ட மாறுபாட்டுக் கெழு, 1965-ல் ஜெஃப்ரி வில்லியம்சன் பயன்படுத்தியது): தூரத்தின் வர்க்கத்தை மக்கள் பங்கால் பெருக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, சராசரியால் வகுப்பது. 800 + 270 + 605 = 1675, வர்க்கமூலம் 40.9, ஆக 0.409. தைல் குறியீடு: மக்கள் பங்கு × ஒப்பு வருமானம் (சராசரியால் வகுத்த தலா ஜிடிபி) × அதன் இயல் மடக்கை. 0.2355 − 0.0749 − 0.0719 = 0.089. அதிகபட்சத்தைக் குறைந்தபட்சத்தால் வகுத்தால் 3.1.

செய்திக்கு முதலாவது போதும், படிப்பவருக்குப் புரியும். ஒன்றிரண்டு வட்டாரங்கள் வெகுதூரம் விலகி நிற்பதைப் பிடிக்க வில்லியம்சன். பிரித்துப் பார்க்கத் தைல். ஐந்து புள்ளிகளுக்குக் கினி போட்டு வளைவு வரைவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தவறில்லை, ஆனால் ஐந்து புள்ளியில் அது கூடுதலாக எதுவும் சொல்வதில்லை.

மக்கள்தொகை எடை போடாம கணக்கிட்டா என்ன ஆகும்?

மேலே உள்ள அதே எண்களில் எடையில்லாத மாறுபாட்டுக் கெழு 0.473 வரும், 0.409 அல்ல. பாதி நாடு வாழும் வட்டாரத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு வாழும் வட்டாரத்துக்கும் ஒரே ஓட்டு. ‘சராசரி எஸ்டோனியர் எவ்வளவு ஏற்றத்தாழ்வைச் சந்திக்கிறார்’ என்பது கேள்வி என்றால் எடை வேண்டும். ‘ஐந்து வட்டாரங்களும் வளர்ச்சியில் நெருங்குகின்றனவா’ என்பது கேள்வி என்றால் எடை இல்லாமலும் போடலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். எதைப் போட்டீர்கள் என்று அட்டவணையின் அடியில் எழுதாமல் விடுவதுதான் பாவம்.

லாத்வியாவுக்கு 2023 வரைக்கும் ஒரு எண் வருது, புது வகைப்பாட்டுல கணக்கிட்டா ரொம்பக் குறைஞ்சு போகுது. நிஜமாவே குறைஞ்சுதா?

இல்லை. நட்ஸ் 2024-ல் ரீகாவும் பியெரீகாவும் ஒரே வட்டாரமாகச் சேர்க்கப்பட்டன. மேலே உள்ள கணக்கிலேயே காட்டலாம். 140 என்று ஒன்றாகப் போட்ட முதல் வட்டாரம், உண்மையில் 30% மக்களுடன் 180-ல் நிற்கும் ஒரு நகரமும், 20% மக்களுடன் 80-ல் நிற்கும் அதன் புறநகரும் என்று வையுங்கள். பிரித்துப் போட்டால் பரவல் 24 + 4 + 9 + 11 = 48%. சேர்த்துப் போட்டால் 40%. வில்லியம்சன் 0.536-லிருந்து 0.409-க்கு இறங்கும். ஒருவருடைய பையிலும் ஒரு யூரோ கூடவில்லை, குறையவில்லை.

இதே இடத்தில் இன்னொரு நுணுக்கம். கடைசி இரண்டு வட்டாரங்களையும் (70, 45) சேர்த்து 60 ஆக்கினால், யூரோஸ்டாட் பரவல் அப்படியே 40%-ல் நிற்கும். சராசரிக்கு ஒரே பக்கம் உள்ளவற்றைச் சேர்த்தால் அந்த அளவு கண்டுகொள்ளாது. வில்லியம்சனும் தைலும் கொஞ்சம் இறங்கும். ஆகவே சிக்கல் எத்தனை வட்டாரம் என்பதில் மட்டும் இல்லை. தலைநகரத்தைச் சுற்றி எங்கே கோடு போட்டார்கள் என்பதில்தான் பெரும்பங்கு. எங்கள் கருத்தில், தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் அதிகம் என்பதால் சேர்த்துப் போடுவதே நேர்மையான எண். காலவரிசை வேண்டுமென்றால் பழைய ஆண்டுகளிலும் இரண்டையும் நீங்களே கூட்டி, பின்னோக்கிச் சீராக்குங்கள்.

எஸ்டோனியா 5, லித்துவேனியா 10. இரண்டையும் நேரடியா ஒப்பிடலாமா?

கவனமாக. எடையில்லாத மாறுபாட்டுக் கெழு தொடக்கூடிய உச்சம், வட்டார எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து எடுத்த வர்க்கமூலம். ஐந்துக்கு 2, பத்துக்கு 3. நிஜத் தரவு அந்த உச்சத்துக்கு அருகில் கூட வராது என்றாலும், துண்டுகள் கூடினால் எண் கூடும் சாய்வு இருக்கிறது. முந்தைய பதிலில் பார்த்த கோடு போடும் சிக்கலும் இங்கே வரும்: ஹார்யு மாவட்டம் தாலினையும் வீம்சி, ராயே, சௌவே போன்ற வசதியான புறநகர்களையும் ஒன்றாக அணைத்திருக்கிறது, 2023 வரையிலான லாத்வியக் கோடு அப்படி இல்லை.

எளிய மாற்று வழி ஒன்று உண்டு. மூன்று நாடுகளையும் ‘தலைநகர வட்டாரம், மீதி நாடு’ என்று இரண்டாக மட்டும் வெட்டி, தலா ஜிடிபி விகிதத்தை ஒப்பிடுங்கள். நுணுக்கம் போய்விடும், ஆனால் ஒப்பீடு நிற்கும்.

உள்ளாட்சி மட்டத்துக்கு இறங்கினா இன்னும் துல்லியமா வருமா?

நுணுக்கம் வரும், துல்லியம் வரும் என்று சொல்ல முடியாது. லித்துவேனியாவில் கௌனாஸ் நகரம் ஒரு உள்ளாட்சி, அதைச் சுற்றிய கௌனாஸ் மாவட்ட உள்ளாட்சி இன்னொன்று; வில்னியஸ், க்ளைப்பேடா, ஷௌலியை, பனெவெஷிஸ், அலிதுஸ் எல்லாம் இப்படித்தான். ஊரும் வளையமும் பிரிந்திருப்பதால் ரீகா-பியெரீகா கதை பல இடங்களில் நடக்கும். கணக்குக்கு முன் இந்த இணைகளைக் கூட்டிவிடுங்கள்.

எல்லை மாற்றங்களும் உண்டு. எஸ்டோனியாவில் 2017-ல் 213 உள்ளாட்சிகள் 79 ஆயின. லாத்வியாவில் 2009-ல் 118, 2021-ல் 43. பழைய தரவைப் புதிய எல்லைக்குள் கூட்டலாம். புதியதைப் பழையதற்குப் பிரிக்க முடியாது. சராசரி ஊதியத்தைக் கூட்டும்போது நேரடிச் சராசரி எடுக்காமல் பணியாளர் எண்ணிக்கையால் எடை போடுங்கள்.

பக்கத்துப் பக்கத்து ஊர் சேர்ந்தே ஏழையா இருக்கான்னு மோரன் குறியீடு போட்டேன். மென்பொருள் பிழை காட்டுது, ஏன்?

மோரன் குறியீடு ஒவ்வொரு ஊரையும் அதன் அண்டை ஊர்களுடன் ஒப்பிடுவது. யார் யாருக்கு அண்டை என்று சொல்லும் அட்டவணைதான் அண்டை அணி. பிழை பெரும்பாலும் தீவுகளால். எஸ்டோனியாவின் ருஹ்னு, கிஹ்னு, வோர்ம்சி ஆகியவை தனி உள்ளாட்சிகளாக நிற்கும் தீவுகள். எல்லை தொடுவதை வைத்து அண்டை அணி உண்டாக்கினால் அவற்றின் வரிசை முழுவதும் பூஜ்யம். எல்லைக்குப் பதில் ‘மிக அருகிலுள்ள நான்கு அல்லது ஐந்து’ என்ற தூர அடிப்படைக்கு மாறுங்கள், அல்லது படகுத் துறை இருக்கும் உள்ளாட்சியைக் கையால் அண்டையாக்குங்கள்.

நட்ஸ்-3-ல் மூன்று நாட்டையும் சேர்த்தாலே சுமார் இருபது புள்ளிதான். அதில் வரும் மோரன் குறியீட்டை வைத்துப் பெரிய முடிவு எதையும் எழுத வேண்டாம். லாட்கலேயின் கிழக்கு எல்லையில் ரஷ்யாவும் பெலாருஸும் இருக்கின்றன. அந்தப் பக்கத்து அண்டை உங்கள் அணியில் இல்லை என்பதையும் குறிப்பிடுங்கள்.

தைல் குறியீட்டைப் பிரிக்கலாம்னு சொன்னீங்களே, எப்படி?

மேலே ரீகா-பியெரீகா பதிலில் வந்த நான்கு துண்டுகளுக்குத் தைல் 0.135, மூன்று துண்டுகளுக்கு 0.089. இந்த வித்தியாசம் 0.046 என்பது நகரத்துக்கும் புறநகருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு. தனியே கணக்கிட்டும் சரிபார்க்கலாம்: அந்த இரண்டுக்குள் தைல் 0.066, நாட்டு வருமானத்தில் அவற்றின் பங்கு 0.7; பெருக்கினால் 0.046.

இதே வழியில் பால்டிக் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி ‘நாடுகளுக்கு இடையே’, ‘நாடுகளுக்கு உள்ளே’ என்று பிரிக்கலாம். உள்ளே உள்ள பகுதிக்கு எடை ஒவ்வொரு நாட்டின் வருமானப் பங்கு, மக்கள் பங்கு அல்ல. அதிகம் பேர் தவறும் இடம் இது.

கிராமத்துல விலைவாசி குறைவுதானே? அதைக் கழிக்கணும் இல்லையா?

கழிக்க வேண்டும், ஆனால் கழிக்கத் தரவு இல்லை. யூரோஸ்டாட் தரும் வாங்கும் திறன் அலகு நாட்டுக்கு ஒன்று. தாலினுக்கும் நார்வாவுக்கும் அதே திருத்தம். வீட்டு வாடகையில்தான் வித்தியாசம் அதிகம் என்பதால், நாட்டுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வை இந்த எண்கள் கூட்டியே காட்டும். நாட்டுக்குள் மட்டும் ஒப்பிடும்போது யூரோவில் போட்டாலும் இந்த அலகில் போட்டாலும் ஒப்பு விகிதம் மாறாது. நாடுகளைச் சேர்க்கும்போதுதான் தேர்வு முக்கியம்.

லித்துவேனியாவில் 2019-ல எல்லா ஊர்லயும் சம்பளம் திடீர்னு ஏறுதே, என்ன நடந்தது?

வரிச் சீர்திருத்தம். முதலாளி கட்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையின் பெரும்பகுதி தொழிலாளி பக்கம் மாற்றப்பட்டது. அதை ஈடுகட்ட மொத்த ஊதியம் 2019 ஜனவரி 1 முதல் 1.289 ஆல் பெருக்கப்பட்டது. கைக்கு வந்தது அந்த அளவு ஏறவில்லை. லித்துவேனியாவுக்குள் ஒரே ஆண்டை மட்டும் பார்த்தால் பிரச்சனை இல்லை. எஸ்டோனியாவுடன் ஒப்பிடவோ, காலவரிசை போடவோ செய்தால் கையில் வரும் நிகர ஊதியத்தை எடுங்கள், அல்லது பழைய ஆண்டுகளை 1.289 ஆல் பெருக்குங்கள்.

வரிப் பதிவேட்டு ஊதியத்தில் இன்னொரு ஓட்டை, உறைக்குள் வைத்துக் கொடுக்கும் கறுப்புச் சம்பளம். கட்டட வேலை போன்ற துறைகளில் இது அதிகம். அத்துறை அதிகமுள்ள வட்டாரம் இருப்பதைவிட ஏழையாகத் தெரியும்.

வறுமை விகிதத்தை வெச்சு மூணு நாட்டு வட்டாரத்தையும் ஒரே வரைபடத்துல போடலாமா?

வரைபடம் அழகாக வரும், பொருள் பிசகும். வறுமைக் கோடு அந்தந்த நாட்டு இடைநிலை வருமானத்தின் 60%. எஸ்டோனியக் கோடு லாத்வியக் கோட்டைவிட உயரம். லாத்வியாவில் கோட்டுக்கு மேலே இருப்பவர் எஸ்டோனியக் கோட்டின்படி கீழே இருக்கலாம். மூன்றுக்கும் பொதுக் கோடு ஒன்றை வைத்துத் தனிநபர் தரவிலிருந்து மீண்டும் கணக்கிட்டால் ஒப்பிடலாம். நாட்டுக்குச் சில ஆயிரம் குடும்பங்களே மாதிரியில் இருப்பதால், ஒரு சிறிய வட்டாரத்தின் விகிதத்தில் இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்குவது வெறும் மாதிரிப் பிழையாக இருக்கலாம்.

எல்லையோர ஊர்ல சில்லறை விற்பனை எக்கச்சக்கமா இருக்கு. அந்த ஊர் பணக்கார ஊரா?

பீர் வாங்கப் பக்கத்து நாட்டுக்காரர்கள் வருகிறார்களா என்று பாருங்கள். வல்கா என்பது எல்லைக்கோடு நடுவே ஓடும் இரட்டை ஊர். ஒரு பாதி எஸ்டோனியா, மறு பாதி லாத்வியா. 2017 ஜூலையில் எஸ்டோனியா பீர் மீதான வரியைக் கடுமையாக ஏற்றியதும் எஸ்டோனியர்கள் லாத்வியப் பக்கத்துக் கடைகளில் வண்டி வண்டியாக வாங்கினார்கள். 2019 ஜூலையில் எஸ்டோனியா பீர் மீதான வரியை 25% குறைத்தது. நடுவில் உள்ள ஆண்டுகளின் தலா விற்பனையை அந்த ஊர்க்காரர்களின் நுகர்வு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

செயற்கைக்கோள் இரவு வெளிச்சத்தை வெச்சு ஜிடிபியை ஊகிக்கலாமே?

தாலின் வடக்கு அட்சரேகை 59.4 பாகையில் இருக்கிறது. ஜூனில் வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. அந்த மாதங்களின் படம் பயன்படாது. குளிர்காலத்தில் பனி வெளிச்சத்தைத் திருப்பி அடித்து ஊரைப் பிரகாசமாக்கும். இரவு விளக்கு முறை நல்ல வட்டாரக் கணக்கு இல்லாத நாடுகளுக்கானது. இங்கே கணக்கே இருக்கும்போது சுற்றி வளைக்க வேண்டியதில்லை. உள்ளாட்சி மட்டத்தில் முயல்வதானால் இலையுதிர் மாதங்களை மட்டும் எடுங்கள்.

பின்தங்கிய வட்டாரம் வேகமா வளருதுன்னு கணக்கு காட்டுது. அப்போ இடைவெளி மூடுதுன்னு எழுதலாமா?

முதலில் எந்த நெருக்கத்தைச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். தாழ்ந்த இடம் வேகமாக வளர்வது பீட்டா நெருக்கம். பரவல் குறைவது சிக்மா நெருக்கம். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம். பீட்டா வேகம் ஆண்டுக்கு 2% என்றால் பாதி இடைவெளி மூடச் சுமார் 35 ஆண்டு பிடிக்கும். பத்து ஆண்டுத் தரவில் அதைத் தேடுவது வீண்.

பிறகு வகுக்கும் எண்ணைப் பாருங்கள். லாட்கலே 2000-க்குப் பிறகு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கிறது. உற்பத்தி அப்படியே நிற்க, மக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தலா எண் 50% ஏறிவிடும். மொத்த ஜிடிபி வளர்ச்சியையும் மக்கள்தொகை மாற்றத்தையும் தனித்தனி நெடுவரிசையில் கட்டாயம் காட்டுங்கள். ஆலை ஒன்றே ஆட்டுவிக்கும் தெல்ஷியை போன்ற இடங்களுக்கு ஒற்றை ஆண்டை நம்பாமல் மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். ஐரோப்பிய ஒன்றியமே 2021–27 நிதித் தகுதியை 2015–17 சராசரியில்தான் தீர்மானித்தது.

2009-ஐ ஒட்டி பரவல் இறங்கினா அதை நல்ல செய்தின்னு சொல்லலாமா?

தலைநகரம் விழுந்ததால் இறங்கியதா, ஓரம் எழுந்ததால் இறங்கியதா என்று பார்க்காமல் சொல்லக்கூடாது. அந்த ஆண்டுகளில் கட்டுமானமும் வங்கியும் நொறுங்கின. அவை குவிந்திருந்தது தலைநகரங்களில். எல்லோரும் சரிய, உயரத்தில் இருந்தவர் அதிகம் சரிந்தால் குறியீடு இறங்கும். கண்டுபிடிக்க வழி எளிது: குறியீட்டை வரையும்போது அதற்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்தின் தலா ஜிடிபியையும் நிலையான விலையில் (விலையேற்றத்தைக் கழித்து) தனிக் கோடாகப் போடுங்கள். நட்ஸ்-3-க்கு நிலையான விலை வரிசை கிடைக்காவிட்டால் தேசிய விலைத் திருத்தியைப் பயன்படுத்தி, அப்படிச் செய்ததை எழுதுங்கள்.

எல்லா ஆண்டும் ஒரே நாளில் இறக்கிய ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். நட்ஸ்-3 எண்கள் ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டு கழித்தே வருகின்றன; 2024-ல் ஐரோப்பா முழுவதும் தேசியக் கணக்குகள் பின்னோக்கித் திருத்தப்பட்டன. போன வருடம் சேமித்து வைத்த கோப்பில் இந்த வருடத்து எண்ணை ஒட்டினால், இணைந்த இடத்தில் ஒரு பொய்த் திருப்பம் முளைக்கும்.